தன்மை ஒருமை

காலை ஒன்பது பத்துக்கு வந்த அழைப்பு.
பிளக்டவுன், ஈரல் கிளினிக்.
டொக்டர் ஒருவர், நோயாளி ஒருவர், பக்கத்தில் மனைவி.
பெயர்களை நான் எழுதி வைப்பதில்லை.
வீட்டுப் பின்படியில் இருந்தேன், தொலைபேசி மடியில்;
உள்ளே சிக்னல் எடுக்காது.

உரைபெயர்ப்பு வேலையின் முதல் விதி:
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்'.
'சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்க முடியாது.
இரண்டாம் விதி: கூட்டாதே, குறைக்காதே.

கிழமைக்கு எத்தனை ஸ்டாண்டர்ட் டிரிங்க்?
கையேட்டில் 'நியமக் குடிபானம்' என்று இருக்கிறது.
சொன்னேன்.
மறுமுனையில் கதிரை ஒன்று கிறீச்சிட்டது.
"உது என்ன சாமான், தங்கச்சி?"
என்னைக் கேட்டதையும் ஆங்கிலத்தில் கேட்டேன்,
தங்கச்சி உட்பட.
பத்துக் கிராம் மதுசாரம் என்றார் டொக்டர்.
கள்ளைப் பிளாவாலும் சாராயத்தைக் கால் போத்தலாலும்
அளந்த நாக்குக்குக்
கிராமில் குடிப்பது புதிது.

"கனக்க இல்லை. இடைக்கிடை.
வேலை முடிஞ்சு வந்தா, உடம்பு அலுப்புக்கு."

இடைக்கிடை.
அந்தச் சொல்லுக்குள் ஒரு வருடத்தையே மடித்து வைக்கலாம்.
மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு கைப்பையின் சிப் திறக்கிற சத்தம்.
காகிதம். சின்னச் சின்னக் காகிதம்.
மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை.
"வெறும் பியர்ப் பேணி போட்டா மெசின் தாற துண்டுகள்.
ஒண்டுக்குப் பத்துச் சதம்.
போன நாலு கிழமைக்குப் பதினாலு டொலர் இருவது சதம்.
மகளின்ர நீச்சல் வகுப்புக்கு நான் எடுத்து வைக்கிறனான்."

'நான்' என்றேன் நான், இப்போது அவளாக.
குடித்ததும் எண்ணியதும் ஒரே குரல்.

டொக்டர் கணக்குப் போட்டார்.
நூற்றி நாற்பத்திரண்டு பேணி,
ஒன்றில் ஒன்று தசம் நான்கு
(பேணியிலேயே இருக்கிறதாம், எறும்பு எழுத்தில்),
கிழமைக்கு ஐம்பதுக்குக் கிட்ட.
பத்துக்கு மேல் வேண்டாம் என்பது அரசாங்கத்தின் சொல்.

அளவுக்கு மிஞ்சினால் என்று
ஒரு பழமொழி நுனிநாக்குவரை வந்தது.
டொக்டர் அதைச் சொல்லவில்லை.
விழுங்கினேன்.

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.
மௌனத்தைப் பெயர்க்கச் சொல்வதில்லை,
நிமிடக் காசு மட்டும் ஏறும்.

"ஒவ்வொரு இரவும். நாலு, அஞ்சு. சனிக்கிழமை கூட."
சனியும் உண்டு என்றா, சனியில் அதிகம் என்றா?
தெளிவு கேட்க எனக்கு அனுமதி உண்டு. கேட்டேன்.
"ரெண்டும்தான்" என்றார்.
"நிப்பாட்டிப் பாத்தனான். கை நடுங்குது."

இணைப்பு இரைந்தது. கேட்கவில்லை என்றார் டொக்டர்.
எழுந்து நின்று, உரத்து,
திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன்:
நான் ஒவ்வொரு இரவும் குடிக்கிறேன்.
நிறுத்திப் பார்த்தேன்.
என் கைகள் நடுங்குகின்றன.

வேலிக்கு அப்பால் மாரிவிக்
உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.
கையில் ஒரு தலையணை உறை.
அது கொடிக்குப் போகாமல் நின்றது.

தானாக நிப்பாட்ட வேண்டாம், அது ஆபத்து,
மருந்து இருக்கிறது, திங்கட்கிழமை வாருங்கள்.
அதையும் சொன்னேன், தாழ்ந்த குரலில்.
அது வேலியைத் தாண்டியிராது.

இருபத்தாறு நிமிடம். வேலை எண்ணைப் பதிந்து மூடினேன்.
அடுத்தது ஒரு குழந்தையின் காதுவலி.

அது நானில்லை என்று அவளிடம் சொல்லலாம்.
அப்போ யார் என்று வரும்.
மூன்றாம் விதி வாயைக் கட்டியிருக்கிறது.

செவ்வாய் இரவு தொட்டிகளை வீதிக்கு இழுத்தோம்,
அவள் தன்னுடையதை, நான் என்னுடையதை.
என் மஞ்சள் மூடி சரியாக இறங்கவில்லை.
பால் போத்தல், தக்காளித் தகரம், பள்ளிக்கூடக் கடதாசி.
பார்க்காத மாதிரி அவள் பார்த்தாள்.
"முதியோர் இல்லத்தில் எனக்கு இரவு வேலை.
விடிய நாலு மணிக்கும் விழித்திருப்பேன், எடு" என்று
ஒரு துண்டில் இலக்கம் எழுதித் தந்தாள்.

நன்றி என்றேன்.
மூடியை இரண்டு கையாலும் அழுத்தினேன்.
உள்ளே ஒரு தகரம் நெரிந்தது.